நான் கழித்துவைத்த பன்னிரண்டு சீட்டுகள்

உன் ஜெபப் புத்தகம் இரண்டு வாரமாக என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. திறந்தால் தைல வாசனை அடிக்கிறது. குமட்டும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே தடவிக்கொள்வாயே, அந்தப் பச்சைத் தைலம். உன்னைப் புதைத்து நான்கு மாதமாகிறது. தைலம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. காலையில் ரொட்டி தின்ன உட்கார்ந்தால், "ஜன்னலத் தொறந்து விடுடி, மூச்சு முட்டுது" என்று எதிரே இருந்து நீ சொல்வதுபோலவே இருக்கிறது. பைத்தியக்காரி மாதிரி எழுந்து போய்த் திறந்தும் விடுகிறேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்தது உன் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜொகூர் பாருவிலிருந்து நேராக பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். ஆள் பாதியாகிவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அதன் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவி மேசைமேல் வைத்தார்.

"வார்டுல குடுத்த பையில இருந்துச்சு தங்கச்சி. இத்தன நாளா தொறக்க மனசு வரல. இது உங்களோடதா?"

ஆறு வாள் சீட்டு. ஒரு படகு. அதில் முக்காடிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பக்கத்தில் ஒரு பிள்ளை. பின்னால் நின்று கழி ஊன்றிப் படகைத் தள்ளும் ஒருவன். படகின் தரையில் குத்திட்டு நிற்கும் ஆறு வாள்கள். அந்தச் சீட்டை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

அவர் சீட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். "தங்கச்சி, அந்தக் கடைசி மருந்து வேணாம்னு அவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" கேட்டுவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோப்பி கலக்கிட்டு வரேண்ணே" என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் பையும் போட்டு வைக்கும் கீழ் டிராயரைத் திறந்து, அடியில் கையை விட்டு, ஒளித்து வைத்த சீட்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது.

அடிப்பாவி, உனக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியாமல் எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருடம் ஒரே பேக்டரியில், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தவர்கள் நாம். பச்சை சர்க்யூட் பலகையில் எறும்புக் கால் அளவு ஈயம் விட்டுப் போயிருந்தாலும் கண்டுபிடிப்போம். நல்லது நீலத் தட்டில், ரிஜெக்ட் சிவப்புத் தட்டில். அதைத் தவிர நாம் வேறென்ன செய்தோம்? சூப்பர்வைசரே உன்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார். அப்படிப்பட்ட உன் கையில் பன்னிரண்டு சீட்டு குறைந்த கட்டைக் கொடுத்துவிட்டு, கண்டுபிடிக்கமாட்டாய் என்று நம்பியிருக்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டு நமக்கு வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. லைனில் நம்மோடு இருந்த சீனப் பெண், சிங்கப்பூர் வேலை கிடைத்துப் போகும்போது, லாக்கரைக் காலி செய்து உன் கையில் திணித்துவிட்டுப் போனாள். நீ விளையாட்டுச் சீட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டாய். கான்டீனில் திறந்து பார்த்தால் ராஜா, ராணி, சாத்தான், எலும்புக்கூடு. குறி சொல்கிற டாரட் சீட்டு. "அலமாக், ஃபாதர் பாத்தா என்னைக் கோயிலுக்குள்ளயே சேக்கமாட்டாரு" என்று நீ அலறிய அலறலில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. தூக்கிப் போடச் சொன்னேன். படம் அழகாக இருக்கிறது, மனசு வரவில்லை என்றாய். உன் வீட்டில் மாமியாரும் ஜெபக் கூட்டமும். ஆகவே கட்டு என் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் குடியேறியது. என் வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் சிங்கப்பூரில்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாய். சாப்பிட்டபின் டின் திறக்கும். எதிர்காலம் சொல்கிற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். "நாளைக்கு நடக்கப் போறது எனக்கு எதுக்குடி? இன்னைக்கு நடக்கிறதே புரியல." கூட இருந்த சின்னப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் அர்த்தம் போட்டிருந்தது. அதையும் ஒதுக்கி வைத்தாய். நீயாக ஒரு முறை வைத்துக்கொண்டாய். ஒருத்தி ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மற்றவள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தப் படத்தில் நீ எங்கே இருக்கிறாய்? அதற்குப் பிறகு சீட்டு மேசைமேல் இருக்கும்வரை கேட்டவள் வாய் திறக்கக் கூடாது. ஆறுதல் கூடாது, புத்திமதி கூடாது, "அட விடுடி" கூடவே கூடாது. எடுத்தவள் பேசி முடித்துச் சீட்டைத் திரும்பக் கட்டுக்குள் வைத்தபிறகுதான் மற்றவள் பேசலாம்.

முதலில் எனக்கு இது கூத்தாகத்தான் இருந்தது. மூன்றாவதோ நான்காவதோ வாரம், எட்டு வாள் சீட்டு எனக்கு வந்தது. கண்ணையும் கையையும் கட்டி ஒரு பெண் நிற்கிறாள், சுற்றிலும் வாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, இவள்தான் நான் என்றேன். பிறகு என் பாட்டுக்குப் புலம்பினேன். அவர் இருந்த காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விடவில்லை, அவர் போனபின் யார் கற்றுத் தருவார்கள், எங்கே போவதென்றாலும் யாராவது ஏற்றிப் போக வேண்டியிருக்கிறது, கறி வாங்கக்கூட ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ வாயைத் திறக்கவில்லை. நான் புலம்பிக்கொண்டே படத்தைப் பார்த்தேன். பார்த்தபிறகு எனக்கே தெரிந்தது, அவளுக்குக் கால் கட்டப்படவில்லை. சட்டென்று நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது. அவர் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆறு வருடமாக என்னை யார் தடுத்தது?

அடுத்த மாதம் டிரைவிங் வகுப்பில் சேர்ந்தேன். நாற்பத்தெட்டு வயதில், புது லைசென்ஸ்காரர்கள் ஒட்டும் 'P' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நான் உன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உன் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டதை மறக்க முடியுமா? "ஆண்டவரே, ரோட்டுல போறவங்களக் காப்பாத்தும்" என்று நீ வேறு எடுத்துக்கொடுத்தாய்.

நீயும் பேசினாய். பிள்ளை இல்லாததைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினாய், அரை மணி நேரம். ஆறு வாள் உனக்கு வந்த நாளும் நினைவிருக்கிறது. அது நல்ல காலம், உன் வயிற்றில் கட்டி இருப்பது யாருக்கும் தெரியாத காலம். "இது எங்கப்பா படகுடி" என்று குதித்தாய். மெர்சிங்கில், படகுகள் வந்து நிற்கும் ஜெட்டி ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள் நீ. அப்பா போனபின் படகையும் வீட்டையும் உன் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான். படகில் நீ எங்கே என்று கேட்டேன். முக்காடிட்ட பெண்ணைத் தொட்டுக் காட்டினாய். "வாளெல்லாம் புடுங்கிப்புடக் கூடாது, தெரியுமா? ஓட்ட வழியா தண்ணி ஏறிரும். அதையும் ஏத்திக்கிட்டேதான் கரைக்குப் போணும்."

நீ சொன்னதை நான் ஏன் அப்போதே மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை?

கட்டி என்று தெரிந்து, அறுத்து எடுத்து, கீமோ தொடங்கிய வாரம் நான் அந்த வேலையைச் செய்தேன். நீ வருவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை பிற்பகல், எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி, விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பேக்டரியில் பார்ப்பது போலவேதான். குதிரைமேல் வரும் எலும்புக்கூடு, ரிஜெக்ட். இடி விழுந்த கோபுரம், ரிஜெக்ட். முதுகில் பத்து வாள் குத்திக் கிடப்பவன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடி அழுகிறவள், பனியில் நொண்டி நடக்கிறவர்கள், சவப்பெட்டியிலிருந்து எழுகிறவர்கள். படகைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தேன். உனக்குப் பிடித்த சீட்டு. ஆனால் அந்த முக்காடு இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அதையும் சேர்த்துப் பன்னிரண்டைக் கட்டி டிராயருக்கு அடியில் தள்ளினேன்.

உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முடி கொட்டி, நகம் கறுத்து என் முன்னால் உட்கார்ந்து, அப்படி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முறைப்படி நான் வாய் திறக்காமல் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

அதன் பிறகு உனக்கு வந்ததெல்லாம் நட்சத்திரம், வானவில், பூந்தோட்டம், நிறைந்த கோப்பை. இரண்டு மூன்று வாரம் போனதும், "என்னடி, இந்தக் கட்டுக்கு என்ன வந்துச்சு? ஒரே கல்யாண வீடா இருக்கு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். "உனக்கு நல்ல காலம் வருதுலா" என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாத்திரைப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்டு எடுக்க அடுப்படிக்குப் போனாய். அன்றைக்குத்தான் டிராயரைத் திறந்தாயா, இன்னொரு நாளா, தெரியாது. கண்டுபிடித்தும் ஏன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை? உப்பு கூடிப் போனதற்கெல்லாம் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள்தானே நீ?

பிறகு அந்த நாள் வந்தது. முதல் மருந்து கேட்கவில்லை, கட்டி திரும்ப வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டும் வேலைக்குப் போயிருந்தார். நான்தான் உன்னைக் காரில் கூட்டிப் போயிருந்தேன். சின்னப் பெண், மலாய்க்கார டாக்டர், நாற்காலியை உன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். வேறு மருந்து ஒன்று இருக்கிறது. உடம்பு தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் மருந்து தருகிறோம், விருப்பப்பட்ட இடத்தில் இருக்கலாம். "பிக்கிர் டூலு யா, காக்" என்று உன் கையைத் தட்டிக்கொடுத்தார். அவசரமில்லை அக்கா, யோசித்துச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்றோம். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மெர்சிங்ல இப்ப காத்து நல்லா அடிக்கும். தம்பி வீட்டு முன்ரூம்புல படுத்தா கடல் கேக்கும்" என்றாய். "சுகமானதும் போலாம்" என்றேன். சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பூசைக்குக்கூடப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாய். சோறு வேண்டாமென்று டின்னை நீயே எடுத்தாய். கட்டை நெடுநேரம் கலைத்தாய். எடுத்த சீட்டு சூரியன். வெள்ளைக் குதிரைமேல் ஒரு குழந்தை, பின்னால் சுவர், சுவருக்கு மேலே சூரியகாந்திப் பூ. இந்தப் படத்தில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"இதுல நான் இல்லடி. தேடித் தேடிப் பாத்துட்டேன். புள்ள இருக்கு, குதிர இருக்கு, பூ இருக்கு. செவத்துக்கு அந்தப் பக்கமும் பாத்துட்டேன். நான் இல்ல."

அவ்வளவுதான். சீட்டைக் கட்டுக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். இனி நான் பேசலாம். பேச வேண்டியது என் முறை. என்னடி சொல்ல வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீ அதற்காகத்தான் வந்திருந்தாய். உன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கப் போவதில்லை. "தேத்தண்ணி போடவா?" என்று எழுந்தேன். "போடு" என்றாய்.

புதனன்று மருந்து வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாய். இரண்டாவது தடவை ஏற்றியபோதே உடம்பு விட்டுப்போனது. வாயெல்லாம் புண், தண்ணீர் இறங்கவில்லை, காய்ச்சல் ஏறியது. பதினொரு நாள் வார்டில் கிடந்தாய். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. கடைசியாக என்னிடம் நீ சொன்னது, "மழ வருது, நீ கெளம்பு." நானும் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அடுப்படியில் நான் நின்றிருந்ததில் கொதித்த தண்ணீர் பாதி வற்றிவிட்டது. ஒருவழியாகக் கோப்பியைக் கலக்கித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுக்காரர் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்கிட்ட சொன்னா தங்கச்சி. ஒரே ஒரு தடவ. மருந்து போதுங்க, என்னை மெர்சிங்குல கொண்டு போய் விட்டுருங்கன்னு. நான் கத்திட்டேன். என்னைய விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு அவ்ளோ அவசரமான்னு கேட்டுட்டேன். அப்புறம் அவ அந்தப் பேச்சே எடுக்கல. கையெழுத்து போட்டுட்டா." மேசைமேல் இருந்த சீட்டைத் தள்ளி வைத்தார். "உங்ககிட்டயாவது சொல்லி அழுதிருப்பா இல்ல? இங்க வந்தா அவ எல்லாத்தையும் கொட்டுவான்னு எனக்குத் தெரியும். அத நெனச்சுதான் இத்தன நாளா கண்ண மூடுறேன்."

ஆமாண்ணே என்று ஒரு வார்த்தை. அழுதாள், கொட்டினாள், மனசு லேசாகித்தான் போனாள் என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லலாம். அந்த மனிதர் நிம்மதியாகப் போய்த் தூங்குவார். யாருக்கு என்ன நஷ்டம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவருக்கும் சூரியனை எடுத்துக் கொடுத்து அனுப்பப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லண்ணே," என்றேன். "சொல்லத்தான் வந்தா. நான் சொல்ல விடல."

டிராயரிலிருந்த பதினொரு சீட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சூரியன் சீட்டையும், தேத்தண்ணி போடவா என்று எழுந்ததையும்கூடச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பியைத் தொடாமல் எழுந்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வார்ப் பூட்டை மாட்ட வராமல் வாசலில் வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. நான் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கு இருந்த ஒரே நிம்மதியைப் பிடுங்கிவிட்டேன். உன்னிடம் காட்ட வேண்டிய நேர்மையை நான்கு மாதம் கழித்து அவரிடம் காட்டியிருக்கிறேன், தப்பான ஆளிடம், தப்பான நேரத்தில். எத்தனை தரம் போனை எடுத்தேன், வைத்தேன் என்று கணக்கில்லை.

இன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருந்தது.

"சொல்லியிருக்கலாம்ணே" என்றேன்.

இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு, அந்த இரண்டாவது மருந்து ஏறிய அன்று வீட்டில் நீ பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். குளியலறைத் தரையில் நீ படுத்துக்கொண்டதை, ஈரத் துணியால் உன் உதட்டைத் துடைத்தபோது தோல் துணியோடு வந்ததை, அவர் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் நீ தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டதை. நடுவில் இரண்டு தரம், போதும்ணே, அழாதீங்க, அவ இப்ப நிம்மதியா இருப்பா என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். தானாக ஓய்ந்து அவரே போனை வைக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்கு நான் செய்யாமல் விட்டது இதுதான்.